மனை ஒருவருடையது, வீடு ஒருவருடையது

ஒருவருக்குச் சொந்தமான மனையில் மற்றொருவர் வீடு கட்டிக்கொண்டு, மாதந்தோறும் தரைவாடகை செலுத்தி, மூன்று நான்கு தலைமுறையாகக் குடியிருந்து வருவது நம் நாட்டில் பழைய வழக்கம். சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி முதலிய இடங்களிலும், ஸ்ரீரங்கம், கும்பகோணம் போன்ற க்ஷேத்திரங்களிலும் இவ்வித மனையை அடிமனை என்பார்கள். அது பெரும்பாலும் கோயிலுக்கோ மடத்துக்கோ தர்ம ஸ்தாபனத்துக்கோ உரியது. சில இடங்களில் தனி மனிதருக்கு உரியது. சுவரும் கூரையும் கிணறும் தென்னையும் குடியிருப்பவருடையவை. வாடகை ரசீது பாட்டனார் பேரில் இருக்கும். வீட்டு வரி ரசீது பேரன் பேரில் இருக்கும். எழுத்து மூலமான குத்தகைப் பத்திரம் அநேக வீடுகளில் தேடினாலும் அகப்படாது. மனையின் விலை மலிவாக இருக்கும் வரையில் இந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. விலை ஏறத் தொடங்கியதும் நோட்டீசு வருகிறது.

அப்பொழுது இரண்டு கோரிக்கைகளே நம் காதில் விழுகின்றன. குடியிருப்போர், இத்தனை காலம் வாழ்ந்த மனையைத் தங்களுக்கே கிரயம் செய்து கொடுக்க வேண்டும் என்கிறார்கள். மனைக்கு உடையவர்கள், மனையைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் இன்றைய மதிப்புக்குத் தக்க வாடகை தர வேண்டும் என்கிறார்கள். ஒரு நூற்றாண்டு காலமாக நம் சட்டசபையும் நீதிஸ்தலங்களும் இவ்விரண்டுக்கும் நடுவே ஊசலாடி வந்திருக்கின்றன. இரண்டிலும் சேராத மூன்றாவது வழி ஒன்று உண்டு. மனையைப் பொதுவில் நிறுத்தி, வீட்டைக் குடும்பத்துக்கு உடைமையாக்கி, இரண்டையும் ஒரு நீண்டகாலக் குத்தகைப் பத்திரத்தால் பிணைப்பதே அவ்வழி. அதற்கு ஆதாரமான எண்ணம் நம் தேசத்தில் தோன்றியது. அதை வீடுகளுக்குப் பொருத்திக் காட்டியவர்கள் அமெரிக்கர்கள். இந்த வரலாற்றை அடிமனைக் குடியிருப்போரும், கோயில் தர்மகர்த்தர்களும், சட்டசபை அங்கத்தினர்களும் அறிந்திருப்பது அவசியமென்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நிலத்தோடு ஒட்டியதெல்லாம் நிலத்துக்கு உடையவனையே சாரும் என்பது இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் பழைய விதி. பிறர் நிலத்தில் மாளிகையே கட்டினாலும் குத்தகை முடிந்தவுடன் கையை வீசிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். இந்நாட்டு வழக்கம் அவ்விதமன்று. 1866-ஆம் வருஷத்தில் கல்கத்தா ஐகோர்ட்டின் புல் பெஞ்சு, பிரதம நீதிபதி ஸர் பார்ன்ஸ் பீக்காக் தலைமையில், கட்டடம் நிலத்தில் ஒட்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அது நிலச் சொந்தக்காரனுடையதாகிவிடாது என்றும், இத்தேசத்து வழக்கம் அதுவே என்றும் தீர்ப்புச் செய்தது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவும், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, குத்தகைதாரன் தான் கட்டியதைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போகலாம் என்கிறது. ஆங்கிலேய நீதிபதிகளே நம் வழக்கத்துக்குத் தலை வணங்கிய சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று. ஆனால் இந்த உரிமை கூரைவீட்டுக் காலத்துக்குப் பொருந்தியது. கழியையும் கீற்றையும் அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வேறிடம் போகலாம். மெத்தை வீட்டை இடித்தால் மிஞ்சுவது உடைந்த செங்கல்லும் நாலு உத்தரமுமே.

முதல் மகாயுத்தத்துக்குப் பின் சென்னையில் மனைக்குடையவர்கள் ஏராளமான அடிமனைக் குடிகளை எழுப்ப முற்பட்டார்கள். அதன் விளைவாகப் பிறந்ததே 1921-ஆம் வருஷத்திய சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம். தரைக்கு நியாயமான வாடகை கொடுத்து வரும் வரையில் தம்மை யாரும் வெளியேற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வீடு கட்டியவர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதே அதன் நோக்கமென்று அச்சட்டத்தின் முகவுரை கூறுகிறது. வெளியேற்ற வேண்டுமானால் கட்டடத்துக்கும் மரங்களுக்கும் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். இது 3-வது பிரிவு. அதைவிட முக்கியமானது 9-வது பிரிவு. வெளியேற்ற வழக்குத் தொடரப்பட்டால், குடியிருப்பவர் கோர்ட்டில் மனுச் செய்து, மனையைத் தமக்கே விற்கும்படி உடையவருக்கு உத்தரவு பெறலாம். விலையைக் கோர்ட்டே நிர்ணயிக்கும். ஆதியில் உத்தரவுக்கு முந்தின ஏழு வருஷங்களில் நிலவிய மிகக் குறைந்த மதிப்பே விலையாக இருந்தது. பின்னால் வந்த திருத்தத்தால் முந்தின மூன்று வருஷங்களின் சராசரி மதிப்பாயிற்று. 1955-ல் செய்த திருத்தத்துக்குப் பின் மற்ற நகரங்களுக்கும் இச்சட்டம் விரிந்தது.

அந்நிய ஆட்சிக் காலத்தில் ஒரு மாகாணச் சட்டசபை ஏழைக் குடித்தனக்காரருக்காக இவ்வளவு தூரம் சென்றது பாராட்டத்தக்கதே. எனினும் 9-வது பிரிவில் ஒரு குறை உண்டு. மனையை வாங்கிய குடியிருப்பாளர் மறுநாளே நிலச்சுவான்தாராகிவிடுகிறார். கோர்ட்டு விலைக்கு வாங்கியதைக் கட்டட வியாபாரியிடம் சந்தை விலைக்கு விற்கலாம், விற்றவர்களும் உண்டு. அவ்விடத்தில் அடுத்துக் குடியேற விரும்பும் ஏழைக்கு ஒரு சாண் நிலமும் மிஞ்சுவதில்லை. சட்டம் ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை அளித்த லாபம் அத்தோடு தீர்ந்தது.

மறுபுறத்தில், கோயில் நிர்வாகிகளின் குறையும் நியாயமற்றதன்று. யாரோ ஒரு புண்ணியவான் விளக்குக்கும் நைவேத்தியத்துக்கும் எழுதி வைத்த நிலம் துண்டு துண்டாகக் கைமாறிப் போவதை எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருப்பது? இக்குறையை உத்தேசித்தே 1996-ஆம் வருஷத்துத் திருத்தம், எம்மதத்தைச் சேர்ந்ததாயினும் மத ஸ்தாபனங்களுக்கும் மத தர்மங்களுக்கும் உரிய நிலங்களை இச்சட்டத்தினின்றும் விலக்கிற்று. 2005-ல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆக, கோயில் மனையில் குடியிருப்பவருக்கு 9-வது பிரிவின் துணையும் போயிற்று. 3-வது பிரிவின் நஷ்டஈடும் போயிற்று. அவருக்கு எஞ்சியது 1959-ஆம் வருஷத்து இந்து சமய அறநிலையச் சட்டம். அதன் 34-வது பிரிவின்படி ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குக் கமிஷனரின் அனுமதி வேண்டும். ஐந்து வருஷக் குத்தகையை நம்பி எந்தக் குடும்பஸ்தன் மாடி எழுப்புவான்? எந்த பாங்கி கடன் கொடுக்கும்? நியாய வாடகை நிர்ணயிப்பதும் சந்தை வாடகையை அனுசரித்தே நடக்கிறது. மனையின் விலை எங்கேயோ ஏறினால், அந்த மனையை விற்கவே முடியாத மனிதர் அதற்காக அதிக வாடகை இறுக்க வேண்டியிருக்கிறது.

மனையின் விலையை ஏற்றியவர் யார் என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்க வேண்டும். குடியிருப்பவர் ஏற்றவில்லை, அவர் வீட்டைத்தான் கட்டினார். மனைக்குடையவரும் ஏற்றவில்லை; அவர் ரசீது எழுதிக்கொண்டிருந்தார். சாலை போட்டது நகரசபை. ரயில் விட்டது சர்க்கார். கடையும் பள்ளிக்கூடமும் வைத்து அவ்விடத்தை ஊராக்கியவர்கள் சுற்றிலும் வாழும் ஜனங்கள். பலர் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பை முழுவதும் ஒருவர் கையில் கொடுப்பதா, எதிரியின் கையில் கொடுப்பதா என்பதே நூறு வருஷ வியாஜ்யமாக இருந்து வந்திருக்கிறது.

இந்தக் கேள்விக்கு விடை கூறிய இயக்கம் நம்முடையது. 1951 ஏப்ரலில் தெலிங்கானாவின் போச்சம்பள்ளி கிராமத்தில் ஹரிஜனங்கள் நிலம் கேட்க, ஸ்ரீ வெதிரே ராமச்சந்திர ரெட்டி என்பவர் 100 ஏக்கர் தர முன்வந்தார். ஆசாரிய வினோபா பாவேயின் பூதானம் அன்று பிறந்தது. தானமாகக் கிடைத்த நிலத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தால், முதல் பஞ்சத்திலேயே அது லேவாதேவிக்காரன் வசம் போய்விடும் என்ற அபாயம் விரைவில் தெரிந்தது. அடுத்த வருஷமே ஐக்கிய மாகாணமாக இருந்த உத்தரப் பிரதேசத்தின் மங்ரோத் கிராமத்தார் ஊர் நிலம் முழுவதையும் பொதுவில் வைத்தார்கள். இது கிராமதானம் எனப்பட்டது. நிலத்தின் உடைமை கிராம சபையிடம். உழும் உரிமை குடும்பத்திடம். அது மகனுக்கு இறங்கும், ஆனால் வெளியாருக்கு விலை போகாது. 1956-ல் வினோபா தமிழ்நாட்டுக்குள் நடந்து வந்தார். 1958-ல் சென்னைச் சட்டசபை பூதான யக்ஞச் சட்டம் இயற்றிற்று. பின்னர் அவ்வியக்கம் தளர்ந்தது. காகிதத்தில் தானம் செய்த கிராமங்கள் பல, நிலத்தில் செய்தவை சில. இதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் கடலுக்கப்பால் அதை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். ராபர்ட் ஸ்வான் என்ற அமெரிக்கர், இரண்டாம் மகாயுத்தத்தில் ஆயுதம் எடுக்க மறுத்துச் சிறை சென்றவர். கட்டட வேலை செய்து பிழைத்தவர். அவரும் ரால்ப் போர்ஸோடி என்ற பெரியவரும், இந்தியாவின் கிராமதானத்தை மனத்தில் கொண்டு, 1967-ல் ஒரு சிறு ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். அதே சமயத்தில் ஜார்ஜியா மாகாணத்தின் தென்மேற்கில், வோட்டர் ஜாபிதாவில் பெயர் பதிந்த குற்றத்துக்காகக் கறுப்பின வாரக்குடிகளை வெள்ளை முதலாளிகள் குடிசையை விட்டு எழுப்பி வந்தார்கள். வயலும் அவர்களுடையது, குடிசை நின்ற மனையும் அவர்களுடையது. வோட்டுரிமை சட்டத்தில் வந்தும், நிற்க இடமில்லாதவனுக்கு அது கைக்கு எட்டவில்லை. நம் பக்கத்துப் பண்ணையாட்களின் கதையை அறிந்தவர்களுக்கு இதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆல்பனி நகரத்துப் போராட்டத் தலைவர்களான ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெராட் ஆகியோர் ஸ்வானுடன் கலந்தார்கள். 1968-ல் ஒரு குழு இஸ்ரேலுக்குச் சென்று, அங்கே யூத தேசிய நிதி நிலத்தை விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு விடும் முறையை ஆராய்ந்தது. (அந்த நிதி அராபியக் குடிகளைப் புறத்தே நிறுத்தியதையும் இங்குச் சொல்ல வேண்டும். பொது உடைமை என்பதில் பொது யார் என்ற கேள்வி தங்கியே இருக்கிறது. நம் ஊர்களில் அந்தக் கேள்வி ஜாதி வடிவத்தில் வரும்.) குழு திரும்பியபின், 1969-ல் நியூ கம்யூனிடீஸ் என்ற தர்ம ஸ்தாபனம் பதிவாயிற்று. ஸ்லேட்டர் கிங் அவ்வருஷமே மோட்டார் விபத்தில் இறந்தார். மற்றவர்கள் கடன் வாங்கி 5,700 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வாங்கினார்கள். அந்நாளில் அமெரிக்காவில் கறுப்பினத்தார் வசமிருந்த தனி நிலப்பரப்புகளில் அதுவே மிகப் பெரியது என்பார்கள்.

அதன் முடிவு துக்ககரமானது. மாகாணக் கவர்னரின் எதிர்ப்பால் எதிர்பார்த்த உதவித்தொகை வரவில்லை. கிராமங்கள் அமைக்கும் திட்டம் ஏட்டோடு நின்றது. மழை பொய்த்தபோது வெள்ளையருக்குக் கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1985-ல் நிலம் ஏலத்தில் போயிற்று. விவசாயக் கடனில் காட்டிய நிறபேதத்துக்கு எதிரான வழக்கின் வழியாக 2009-ல் சுமார் 120 லட்சம் டாலர் ஈடு கிடைக்க, 2011-ல் அவர்கள் 1,638 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கினார்கள். ஒரு காலத்தில் அடிமைகளை வைத்து நடத்திய பண்ணை அது.

நிலம் போயிற்றேயன்றி முறை போகவில்லை. 1984-ல் வெர்மாண்ட் மாகாணத்தின் பர்லிங்டன் நகரசபை, பெர்னி ஸாண்டர்ஸ் மேயராக இருந்தபோது, 2 லட்சம் டாலர் மூலதனம் கொடுத்து ஒரு சமூக நில டிரஸ்டை ஏற்படுத்திற்று. 2006-ல் வேறொரு வீட்டு வசதி ஸ்தாபனத்தோடு கலந்து அது சாம்ப்ளேன் வீட்டு வசதி டிரஸ்டு ஆயிற்று. அங்கே மனை டிரஸ்டுக்குச் சொந்தம். அதை அது விற்பதில்லை. வீட்டை வாங்குபவர் மனைக்கு நீண்டகாலக் குத்தகை பெறுகிறார். மனை வாடகை சொற்பம். வீடு மனைவி மக்களுக்கு இறங்கும். விற்க விரும்பினால் மட்டும், ஒப்பந்தத்தில் கண்ட விலைக்கே, டிரஸ்டுக்கோ அது காட்டும் குடும்பத்துக்கோ விற்க வேண்டும். போட்ட முதலும், ஏறின மதிப்பில் நாலில் ஒரு பங்கும் விற்பவருக்கு. மீதி மனையிலேயே தங்கும்.

நம் ஊர் எண்களை வைத்து ஒரு கணக்குப் போடலாம். மனை 60 லட்சம் ரூபாய், கட்டடம் 25 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். வாங்குபவர் 25 லட்சம் மட்டுமே கொடுக்கிறார். பத்து வருஷத்தில் மொத்த மதிப்பு 85 லட்சத்திலிருந்து 125 லட்சமாகிறது. ஏற்றம் 40 லட்சம். அதில் அவர் பங்கு 10 லட்சம். 35 லட்சத்துடன் அவர் போகிறார். அடுத்து வரும் குடும்பம் 125 லட்சம் பெறும் வீட்டுக்குள் 35 லட்சத்துக்கு நுழைகிறது. 9-வது பிரிவின் பிரகாரம் முதற் குடும்பமே முழு ஏற்றத்தையும் எடுத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது குடும்பம் வாசலில் நின்றிருக்கும்.

இவ்வித டிரஸ்டின் நிர்வாக சபையை மூன்று பங்காக அமைப்பது வழக்கம். ஒரு பங்கு மனையில் குடியிருப்போர். ஒரு பங்கு சுற்றுப்புறத்து ஜனங்கள். ஒரு பங்கு நகரசபை போன்ற பொது நலப் பிரதிநிதிகள். இதைச் சில்லறை விஷயமென்று தள்ளிவிடலாகாது. லண்டனுக்கு வடக்கே 1903-ல் லெட்ச்வொர்த் என்ற தோட்ட நகரம் எழுந்தது. பார்லிமெண்டில் சுருக்கெழுத்து வேலை பார்த்த எபனேசர் ஹவர்ட் என்பவரின் யோசனை அது. நிலம் முழுவதும் ஒரு கம்பெனியிடம், வீடுகள் குத்தகையில், பங்குதாரருக்கு ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் லாபம் இல்லை, மிச்சம் ஊருக்கு. யோசனை உயர்ந்ததே. ஆனால் கம்பெனிப் பங்குகள் கைமாறக்கூடியவை. லாப வரம்பும் பின்னால் நிலைக்கவில்லை. 1960-ஐ ஒட்டி வேறொரு கம்பெனி பங்குகளை வாங்கி ஊரையே கைப்பற்றப் பார்த்தது. 1962-ல் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றி நகரத்தைப் பொது ஸ்தாபனம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 1967-ல் இங்கிலாந்தில் நம் 9-வது பிரிவைப் போன்ற சட்டம் வந்து, நீண்டகாலக் குத்தகைதாரர்கள் மனையை வாங்கிக்கொள்ள வழி திறந்தது. பொது மனை சிதறத் தலைப்பட்டது. அமெரிக்கர் விற்கக்கூடிய பங்கு வைக்காமல் தர்ம ஸ்தாபனமாக அமைத்தது இவ்வித அபாயத்துக்கு நல்ல காப்பு.

இவையெல்லாம் நம் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்று சொல்வோர் இருக்கக்கூடும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 10-வது பிரிவை அவர்கள் படிக்க வேண்டும். வாங்கியவன் விற்கவே கூடாது என்று நிபந்தனை விதித்தால் அது செல்லாது என்பது அப்பிரிவு. ஆனால் குத்தகையில், குத்தகை கொடுப்பவரின் நன்மைக்காக விதித்த நிபந்தனைக்கு அதிலேயே விலக்கு உண்டு. ஆகவே, விற்றால் இன்ன விலைக்கு இன்னாருக்கே விற்க வேண்டும் என்னும் ஷரத்தைக் குத்தகைப் பத்திரத்தில் சேர்ப்பதற்குத் தடை காணோம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையாதலால் பத்திரம் பதிவாக வேண்டும். 108-வது பிரிவின்படி குத்தகைப் பாத்தியதையை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். கூட்டு உடைமையோ நமக்குப் புதிதன்று. பம்பாய் காம்தேவியில் ஸாரஸ்வத் கூட்டுறவு வீட்டுச் சங்கம் 1915-லேயே தோன்றிற்று. இன்று சென்னையில் அடுக்கு மாடி வீடு வாங்குகிறவர் ஒவ்வொருவரும் மனையில் பிரிவுபடாத பங்கு ஒன்றைத்தான் பத்திரத்தில் பெறுகிறார். எந்த மூலை தம்முடையது என்று அவரால் காட்ட முடியாது. கூட்டு மனை வேண்டாமென்று வாதிப்பவர்களில் பலர் அதன்மேல்தான் குடியிருக்கிறார்கள்.

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. நம் குடும்பஸ்தனுக்கு வீடு என்பது தலைக்கு மேல் கூரை மாத்திரமன்று. பெண்ணின் கல்யாணமும், பையனின் படிப்பும், முதுமைக் கால வைத்தியமும் அந்த மனையின் விலையில்தான் அடங்கியிருக்கின்றன. சம்பாதித்ததைப் போட்டு வைக்க அவனுக்கு வேறு நம்பகமான இடம் இருந்ததில்லை. அவனிடம் போய், ஏற்றத்தில் நாலில் ஒரு பங்குதான் உனக்கு என்றால் அவன் முகம் சுளிப்பது இயற்கை. மனையை ஏற்கெனவே கிரயத்துக்கு வாங்கியவரிடம் இதைச் சொல்ல நாமும் துணியமாட்டோம். ஆனால் நாம் பேசுவது அடிமனைக் குடியைப் பற்றி. கோயில் மனையில் இருப்பவருக்கு இன்று ஏற்றத்தில் சட்டப்படியான பங்கே கிடையாது. வீட்டை விற்றால் வாங்குகிறவரை நிர்வாகம் ஒப்புக்கொள்ளும் என்ற நிச்சயமும் கிடையாது. அவருக்கு நாலில் ஒரு பங்கும், பதிவான பத்திரமும், பிள்ளைக்கு இறங்கும் உரிமையும் சிறிய லாபமல்ல. கோயிலுக்கோ மனை ஒரு அங்குலமும் குறையாது. வாடகை வருஷந்தோறும் வழக்கின்றி வரும்.

அறநிலையச் சட்டத்தில் கமிஷனருக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் அனுமதிக்கும் அதிகாரம் இப்பொழுதே இருப்பதால், இதைத் தொடங்கப் புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வீதியிலுள்ள அடிமனைக் குடிகள் ஒரு சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, தனித்தனியே ஐந்து வருஷம் கேட்பதற்குப் பதில், வீதி முழுவதற்கும் ஒரே நீண்டகாலக் குத்தகை கேட்கட்டும். சங்கம் கோயிலுக்கு வாடகை இறுக்கும்; வீட்டுக்காரர் சங்கத்துக்கு இறுப்பார்; வீடு கைமாறும்போது விலையைச் சங்கத்தின் பத்திரம் நிர்ணயிக்கும்; நிர்வாக சபையில் கோயிலுக்கும் ஓர் இடம் இருக்கும். வாடகையை மனையின் சந்தை விலையோடு பிணைக்காமல், தான்ய விலையோடோ கூலி விகிதத்தோடோ பிணைக்கும்படி கேட்பது உசிதம். அனுமதி கோரும் மனுவோடு, பாட்டனார் காலத்து ரசீதுகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனைக்கும் நகல் எடுத்துச் சேர்க்க மறக்க வேண்டாம். கறையான் அரித்த ரசீதாயினும் பரவாயில்லை. தேதியும் முத்திரையும் தெரிந்தால் போதும்.